காலி என்று எழுதிய இடம்

ஜூலை 4, வெள்ளி

முழுமைத் திட்ட வரைவு இன்று வெளியானது. இந்த ஊரில் இனி இருபது வருடங்களுக்கு எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ரோடு என்று நிறம் பிரித்துச் சொல்லும் வரைபடம். எங்கள் நகரமைப்பு அலுவலக வராந்தாவில் எட்டுத் தாள்களாக ஒட்டினோம். ஆட்சேபணை இருந்தால் ஆகஸ்ட் முதல் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். கேட்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை எனக்கு. வரைவாளராக இருபத்திரண்டு வருடம் ஆனதற்கு ஒரு நாற்காலியும் மேசை விசிறியும் கொடுத்திருக்கிறார்கள்.

இடப்பக்கக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. கிராம்பு வைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

காளவாய்மேடு குடியிருப்பிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். ஒன்பது வருடங்களுக்கு முன் வாய்க்கால் ஓரத்திலிருந்து தூக்கி அங்கே குடிவைக்கப்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் துளசிமணி. ஐம்பது வயதிருக்கும். ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை; அந்த நீலச் சேலையோடே வந்திருந்தார்.

"எங்க பிளாக்குக்குப் பொறத்தால ரிசர்வ் சைட்டு இருக்குதுங்க மேடம். அறுபத்திரண்டு சென்ட்டு. அத எந்தக் கலர்ல போட்டிருக்கீங்கன்னு காட்டுங்க."

ஆறாம் தாளில் விரல் வைத்துக் காட்டினேன். ஊதா. வணிகம், அடுக்குமாடி வாகன நிறுத்தம்.

"ரிசர்வ் சைட்டுன்னா பொதுவுக்கு விட்டதுதானுங்களே? நாங்க கத்திரி, வெண்டை, கீரையெல்லாம் போட்டிருக்கறமுங்க. எழுபது குடும்பம் அதுலதான் காய் பறிக்குது."

தற்போதைய பயன்பாடு என்ற பட்டியலைப் புரட்டினேன். அந்த சர்வே எண்ணுக்கு நேரே 'காலி' என்று இருந்தது. சும்மா கிடக்கும் பொது இடங்களை வேறு உபயோகத்துக்கு மாற்றலாம் என்று விதி இருக்கிறது. அதைச் சொன்னேன்.

"காலியா? யாருங்க வந்து பாத்தது?"

"தெரியலீங்க" என்றேன்.

ஜூலை 9, புதன்

'தெரியலீங்க' என்றதைப் பெரிய பொய்யென்று சொல்ல முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன் கள ஆய்வுக்கு ஒப்பந்த ஆட்கள் பதினேழு பேர் இருந்தார்கள். யார் எந்தத் தெருவுக்குப் போனார்கள் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

காளவாய்மேட்டிலிருந்து மனு வந்தது. நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் கைநாட்டும். 'ஐயா, எங்கள் நிலத்தை எடுக்காதீர்கள்' என்று இரண்டு பக்கம். உதவி இயக்குநர் தண்டபாணி சார் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை. அடுத்தது எடுங்க."

அவரும் கெட்டவர் கிடையாது. மேலிருந்து போன் மேல் போன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. யாரோ இந்த இடத்தைக் காட்டிவிட்டார்கள்.

பதவி உயர்வுப் பட்டியல் செப்டம்பரில் வருகிறதாம். நான் மூன்றாவது.

ஜூலை 20, ஞாயிறு

கீரை வாங்கலாம் என்று காளவாய்மேட்டுப் பக்கம் போனேன். எங்கள் வீட்டுத் தெருமுனையிலேயே கீரைக்காரம்மா உண்டு. இருந்தாலும் போனேன்.

சுற்றுச்சுவர் இடிந்த பக்கமாக உள்ளே நுழைய வேண்டும். கட்டட இடிபாட்டைப் பொறுக்கி வரப்பாக அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் பெயின்டில் வீட்டு எண். மாடிக் குழாய்களிலிருந்து துணி துவைத்த தண்ணீர் மணல் நிரப்பிய பீப்பாய்கள் வழியாக இறங்கி வாழைக்குப் போகிறது. கொத்தவரை இடுப்பளவு நின்றது. மூலையில் பெரிய பீர்க்கன் பந்தல்.

துளசிமணி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "ஆபீஸ் கவுண்டர்ல இருந்த மேடம்தானுங்க நீங்க?"

சொல்லாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் அவர் கொடுத்த வெண்டைப் பிஞ்சைக் கடித்தபடி சொல்லிவிட்டேன். "உங்க மனு நிக்காதுங்க. இடத்தக் குடுங்கன்னு கேட்டா, இது சர்க்கார் இடம்னு ஒரே வரியில தள்ளிப் போடுவாங்க. இடத்தக் கேக்காதீங்க. விதியக் கேளுங்க."

"என்ன விதிங்க?"

"ரிசர்வ் சைட்டுல என்னென்ன செய்யலாம்னு திட்டத்துல ஒரு பட்டியல் இருக்குது. பூங்கா, விளையாட்டுத் திடல், நூலகம், தண்ணித் தொட்டி. காய்கறி போடறது அதுல இல்ல. இல்லாததுனாலதான் நீங்க அங்க இருக்கறதே கணக்குல வரல. அந்தப் பட்டியல்ல ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. அது வந்துட்டா உங்க இடம் மட்டுமில்ல, ஊருல இருக்கற எல்லா ரிசர்வ் சைட்டுக்கும் ஆகும்."

"அந்த வரியச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சொன்னேன். 'பொது ஒதுக்கீட்டு இடங்களில் அப்பகுதிக் குடியிருப்போர் கூட்டாக உணவுப் பயிர் வளர்த்தல் அனுமதிக்கப்பட்ட பயன்பாடாகும்.' ரேஷன் ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். எழுத்துக் கூட்டி எழுதினார். ஒரு பிழையும் இல்லை.

வரும்போது கேட்டார். "அந்தக் காலின்னு எழுதுன ஆளு ஒருக்கா வந்து எட்டிப் பாத்திருந்தாக்கூடப் போதும். இல்லீங்களா?"

அரைக்கீரை இரண்டு கட்டு. நல்ல இளசு.

ஜூலை 31, வியாழன்

புது மனு வந்துவிட்டது. திட்டத்தின் அத்தியாய எண், பட்டியல் எண், சேர்க்க வேண்டிய வரி எல்லாம் போட்டு. இதே வரியைக் கேட்டு ஊரின் இன்னும் நான்கு குடியிருப்புகளிலிருந்தும் மனு. அந்த நாலு நான் எதிர்பார்க்காதது. துளசிமணிக்கு ஆஸ்பத்திரியில் எத்தனை பேரைத் தெரியுமோ.

தண்டபாணி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இது அவங்க எழுதுனதில்ல. இது நம்ம ஆபீஸ் தமிழ்."

நான் பஞ்சிங் மெஷினைத் தேடுவது போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பன்னிரண்டாம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்கு முன் காளவாய்மேட்டு இடம் சுத்தமாக வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. புதன்கிழமை ஜேசிபி போகிறது. ஒன்பது மணிக்கு மேல் நான் போய், இடமும் நேரமும் பதியும் கேமரா செயலியில் நான்கு படம் எடுத்துக் கோப்பில் ஏற்ற வேண்டும். 'கள ஆய்வின்படி இடம் காலியாக உள்ளது' என்று பதில் தயாரிக்க வேண்டும்.

"சார், பயிரை எடுத்துப்போட்டு அப்புறம் காலின்னா..."

கதவைச் சாத்தினார். பீரோவிலிருந்து பழைய ஆய்வுப் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பாருங்க பூங்கோதை. கீழ இருக்கறது யாரு கையெழுத்து?"

என்னுடையதுதான்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி காலின்னு எழுதுனது நீங்க. இன்னைக்கு அங்க தோட்டம் இருந்துச்சுன்னா, அன்னைக்கு நீங்க எழுதுனது பொய். என்னைய ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இதை இங்கே முன்பே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பல் வலியில் சாப்பிட முடியவில்லை. தயிரும் சாதமும் கரைத்துக் குடித்தேன். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிவானந்தத்துக்கு லேத் பட்டறையில் நாள் முழுக்க இரும்புச் சத்தம். வீட்டில் அதிகம் பேசமாட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னைக்கு நீ போய்ப் பாத்தியா?"

"இல்லீங்க. பதினோரு நாள்ல ஆயிரத்து நானூறு இடம் முடிக்கச் சொன்னாங்க. ஒப்பந்தக்காரப் பையன் குடுத்ததுல கையெழுத்துப் போட்டேன்."

"சரி" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஒன்பது மணிக்குப் போகச் சொன்ன இடத்துக்கு ஆறு மணிக்கே போனேன். யாரையும் கேட்கவில்லை. அலுவலகச் செயலியைத் திறந்து முதல் பாத்தியிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன். வீட்டு எண்ணோடு பாத்தி, செடி, அடுத்த பாத்தி. அறுபத்து நான்கு படம். எடுத்தவுடன் கோப்பில் ஏறிவிடும். பிறகு யாராலும் அழிக்க முடியாது. அவசரத்தில் எடுத்த கடைசிப் படத்தில் பீர்க்கன் பந்தல் சாய்வாக விழுந்திருக்கிறது.

ஏழரைக்கு ஜேசிபி. கூட மாநகராட்சி ஆள் ஒருவர், போலீஸ் இரண்டு பேர். பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். யாராவது இயந்திரத்துக்கு முன்னால் படுத்துவிடுவார்கள், இழுப்பார்கள், அடிபடும் என்றே நினைத்தேன்.

துளசிமணி டிரைவரிடம் போனார். "ஏனுங்க தம்பி, எடுக்கறத எடுக்கத்தான் போறீங்க. காயப் பறிச்சுக்கறோம். பறிச்ச பாத்தியா எடுத்துக்கங்க. சரிங்களா?"

மாநகராட்சிக்காரர் யோசித்தார். காய் பறிக்கக்கூடாது என்று எந்த உத்தரவிலும் இல்லை. "சீக்கிரம் ஆகட்டும்" என்றார்.

பறிக்க ஆரம்பித்தார்கள். நாற்பது பெண்கள் இருப்பார்கள். ஒரு பாத்தியில் நாற்பது பேரும். வெண்டையை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துப் பறித்தார்கள். கீரையை வேரோடு பிடுங்கவில்லை, கிள்ளினார்கள். பாத்தி முடிந்ததும் தள்ளி நிற்பார்கள், ஜேசிபி அதை வழித்துப் போடும், அடுத்த பாத்தியில் நுழைவார்கள். எண் எழுதிய கல்லை மட்டும் அந்தந்த வீட்டுக்காரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கொத்தவரைக்கு வந்தார்கள். கொத்தவரை பறிப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். மாநகராட்சிக்காரர் கத்தினார். "என்னம்மா இது, வேணும்னே செய்றீங்களா?"

"பிஞ்சா இருக்குதுங்க சார். பாத்துத்தான் பறிக்கோணும்" என்றார் துளசிமணி, நிமிராமல்.

பதினொன்றரைக்கு டிரைவர் எஞ்சினை அணைத்தார். அரை நாளைக்குத்தான் வண்டி பேசியிருந்ததாம். மதியம் வேறு ஊரில் வேலை. மாநகராட்சிக்காரர் போனில் யாரிடமோ மன்றாடிப் பார்த்தார். வண்டி போய்விட்டது.

எழுபது பாத்தியில் இருபத்தாறு போய்விட்டது. நாற்பத்து நான்கு நிற்கிறது.

நான் அங்கேயே இருந்தேன். சாக்கில் கொட்டிய காயை யாருடையது என்று பிரிக்க முடியாமல் எல்லோரும் உட்கார்ந்து அழுதார்கள். எனக்கும் ஒரு பை கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

"அறுபத்து நாலு போட்டோ எதுக்கு?" தண்டபாணி சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கள ஆய்வு சார்."

"ஆறு மணிக்கு யாரு போகச் சொன்னது?"

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு அழிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார்கள். கையெழுத்துக்காக வைத்திருந்த பதில் அப்படியே என் மேசையில் கிடந்தது. நான் போடவில்லை. மாலையில் அவரே போட்டுக்கொண்டார். கள ஆய்வு பழைய படிவத்தின்படி என்று சேர்த்திருந்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து துணி மடித்தேன். ஒரே சேலையை நான்கு தடவை மடித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கூட்டம் பதினொரு மணிக்கு. முன்னூறு பேர் இருந்தார்கள். குழுத் தலைவர் சன்னமான குரலில் பேசும் ஒரு பெண் அதிகாரி. ஒவ்வொரு மனுவையும் தானே படித்தார். காளவாய்மேடு முப்பத்தொன்றாவது.

தண்டபாணி சார் பதிலைப் படித்தார். கள ஆய்வின்படி காலி. பிறகு வந்தது ஆக்கிரமிப்பு. பயிரிடுதல் திறந்தவெளிப் பயன்பாட்டில் சேராது.

துளசிமணி எழுந்தார். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்ததால் கரகரத்தது. "காலி காலின்னு எழுதியிருக்குதுங்களே. ஒம்பது வருசமா எங்க புள்ளைங்க தின்னது அப்ப என்னதுங்க? சோறும் பருப்பும் ரேஷன்ல குடுக்கறீங்க. காய் எங்க குடுக்கறீங்க? நாங்க நிலத்த எங்க பேருக்குக் கேக்கல. அது பொதுவாவே இருக்கட்டும். இங்க காய் போடலாம்னு உங்க புஸ்தகத்துல ஒரு வரி எழுதுங்க. பூங்காவுக்கு வரி இருக்குது, தண்ணித் தொட்டிக்கு இருக்குது. திங்கறதுக்கு இல்லீங்களா?"

தலைவர் கோப்பிலிருந்த படங்களைத் திரையில் போடச் சொன்னார். என் அறுபத்து நான்கு படங்கள். பிறகு படிவத்தைக் கையில் எடுத்தார். "ரெண்டும் ஒரே ஆபீஸோடது. இந்த ஆய்வைச் செஞ்சது யாரு?"

கடைசி வரிசையில் இருந்தேன். எழுந்தபோது நாற்காலி சத்தம் போட்டது.

"நான்தானுங்க."

"இடத்துக்குப் போனீங்களா, போகாம எழுதினீங்களா?"

இல்லை, போகவில்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வீட்டில் அவரிடம் சொன்னதும் அதுதான். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். போகாமல் எழுதினால் சோம்பல். சோம்பலை மன்னித்துவிடுவார்கள்.

"போனேனுங்க" என்றேன். "இடிஞ்ச செவுத்துப் பக்கம் நின்னு பாத்தேன். பீர்க்கன் பந்தல் இருந்துச்சு, கத்திரி இருந்துச்சு. ஒரு அம்மா தண்ணி ஊத்திட்டு இருந்தாங்க. படிவத்துல என்ன பயன்பாடுன்னு போட பதினாலு எண்ணுதான். இதுக்கு எண் இல்ல. விவசாயம்னு போட்டா பட்டா எண் எழுதோணும், பட்டா இல்ல. ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். எதுலயும் வராட்டி காலின்னு போடுன்னாங்க. போட்டேன். பாத்துட்டுத்தான் போட்டேன்."

"யார் சொன்னது?"

தண்டபாணி சாரைப் பார்த்தேன். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "யாரு சொல்லியிருந்தாலும் கையெழுத்து என்னுதுங்க" என்றேன்.

"உட்காருங்க" என்றார் தலைவர். எதையோ குறித்துக்கொண்டு முப்பத்திரண்டாவது மனுவைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் துளசிமணியைத் தேடிப் போனேன். மற்றப் பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

"அன்னைக்கு கவுண்டர்ல யாருன்னு கேட்டனுங்களே. தெரியலன்னீங்க" என்றார். "எங்க தோட்டத்துக்கே வந்து வெண்டைக்காய் தின்னுபோட்டுப் போனீங்க. அப்பவும் சொல்லல."

அவர் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. தவறான ஆய்வறிக்கை, உத்தரவின்றிப் படம் பதிவேற்றம். பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்தபடி எழுதுகிறேன். சிவானந்தம் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். "போய்ப் பாத்தியான்னு கேட்டப்ப நீ என் மூஞ்சியப் பாக்கல" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 19, வெள்ளி

பதவி உயர்வுப் பட்டியல். மூன்றாவது பெயர் வேறு யாருடையதோ.

நவம்பர் 21, வெள்ளி

இறுதித் திட்டம் வந்துவிட்டது. அத்தியாயம் ஏழு, அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகள். பூங்கா, விளையாட்டுத் திடல், நூலகம், நீர்த்தேக்கத் தொட்டி. அதற்கடுத்து அந்த வரி. 'கூட்டாக' என்பதை 'குழுவாகப் பதிவு செய்து' என்று மாற்றியிருக்கிறார்கள். மற்றபடி அதே வரி. நின்றுகொண்டே மூன்று தடவை படித்தேன். ஊர் முழுக்க நூற்று எண்பது ரிசர்வ் சைட்டுகளுக்கு அது பொருந்தும்.

காளவாய்மேடு ஊதாவிலிருந்து பச்சையாகிவிட்டது. வாகன நிறுத்தம் இல்லை. ஆனால் கிழக்கு எல்லையில் ஒரு இணைப்புச் சாலை போகிறது. இருபத்திரண்டு அடி. அதைத் தாளில் பார்த்தபோது எந்தெந்தப் பாத்தி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அறுபத்து நான்கு படமும் மனப்பாடம்.

டிசம்பர் 9, செவ்வாய்

சாலைக்கு எல்லை குறிக்கும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். தண்டனையாகக் கொடுத்தார்களா, வேறு ஆள் இல்லையா என்று கேட்கவில்லை.

ஜேசிபி வழித்த பாத்திகளில் மறுபடி செடி நிற்கிறது. எண் கற்கள் திரும்ப அதனதன் இடத்தில் இருக்கின்றன. டேப்பின் மறு முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். உதவியாளர் வரவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் துளசிமணிதான் வந்து பிடித்தார். நான்கு மாதமாக அவர் என்னோடு பேசவில்லை. இன்றும் பேசாமலே பிடித்தார்.

வடக்கு மூலையில் முளை அடித்தேன். தெற்கே நடந்தோம். எட்டுப் பாத்திகள் கோட்டுக்குள் வந்தன. எட்டாவது பாத்திக்கு எதிரே டேப் நின்றது. கத்திரி நன்றாகக் காய்த்திருந்தது. கல்லில் 'சி 14' என்று இருந்தது. அது அவருடைய வீட்டு எண்.

"எத்தன அடி போகுதுங்க இதுல?" என்று கேட்டார்.

"முழுசாப் போகுது."

அவர் பாத்தியைப் பார்த்தபடி நின்றார். நான் சுற்றிலும் பார்த்தேன். மேற்பார்வையாளர் ரோட்டில் வண்டிமேல் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்க் குரலைத் தாழ்த்தினேன்.

"இந்த முனையில ரோட்டுப் பக்கமா அஞ்சடி தள்ளி முளை அடிச்சர்றேன். கோடு லேசா வளையும். ரோடு போடறவங்களுக்குத் தெரியாது. நீங்க இல்லாட்டி இந்த இடமே இல்லீங்க."

துளசிமணி டேப்பை விடவில்லை. என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான்.

"வேண்டாமுங்க" என்றார். "இருக்கறத இல்லைன்னு எழுதித்தான் எங்களுக்கு இத்தன பாடும். இப்ப எனக்கோசரம் இல்லாத ஒண்ண எழுதுவீங்களா? நாளைக்கு வேற ஒருத்தரு வந்து அளந்தா, அந்த ஒரு வரியும் போயிரும். நேரா அடிங்க."

"உங்க பாத்தி..."

"பக்கத்து வீட்டுக் கமலாத்தா பாத்தியில பாதி தர்றேன்னு சொல்லியிருக்குது. தராட்டி சண்டை போட்டு வாங்கிக்கறேன். நீங்க அடிங்க."

டேப்பைப் பிடித்த இடத்திலேயே இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் மண்டியிட்டு முளையை வைத்து, கத்திரிச் செடிகளுக்கு நடுவே சுத்தியலால் அடித்தேன். இருபத்திரண்டு அடி, நூல் பிடித்தது போல நேராக. நில அளவுப் புலப்படத்தில் அளவை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் பக்கத்தில் நின்று, நான் போட்டு முடிக்கும்வரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.